மூன்று மாதத்து மழையை முன்கூட்டி அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பருவகால முன்னறிவிப்பைத் தமிழில் விளக்கிச் சொல்லும் இடமெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. புறக்கோட்டையில் வெங்காயமும் பருப்பும் மொத்தமாக விற்பவர், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வன்னியில் வயல் செய்விப்பவர், மலையகத் தோட்டத்தின் கணக்கைக் கொழும்பு அலுவலகத்தில் பார்ப்பவர், உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிப்பவர் என்று கேட்பவர்கள் வேறுபட்டாலும் கேள்விகள் அதிகம் வேறுபடுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள், முன்னர் சொன்னதை மீண்டும் விரிக்காமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டும்.

1. பருவகால முன்னறிவிப்பு எண்டா என்ன? ரேடியோவில சொல்ற வானிலை அறிக்கையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றதா?

இல்லை. வானிலை அறிக்கை நாளையோ நாளை மறுநாளோ ஓரிடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முயல்கிறது. பருவகால முன்னறிவிப்பு எந்தவொரு நாளைப் பற்றியும் பேசாது. எடுத்துக்காட்டாக, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களின் மொத்த மழை அந்தப் பிரதேசத்தின் வழமையை விடக் கூடுவதற்கும், வழமையை ஒத்திருப்பதற்கும், குறைவதற்கும் எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையே அது தருகிறது. வெப்பநிலைக்கும் இதே முறையில் முன்னறிவிப்பு உண்டு. ஆனால் நம் நாட்டில் கேட்பவர்கள் அனைவரும் மழையைப் பற்றியே கேட்கிறார்கள்.

2. நாளைக்குப் பெய்யிற மழையையே சில நேரம் பிழையாச் சொல்லுகினம். மூண்டு மாதத்துக்குப் பிறகு வாறதை எப்பிடி நம்புறது?

இது மிக நியாயமான கேள்வி. காற்றுமண்டலம் மிக விரைவாக மாறுவது. தொடக்கத்தில் இருக்கும் சிறு வேறுபாடு சில நாட்களில் பெரிதாகி விடும். இதை வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963ஆம் ஆண்டிலேயே காட்டினார். நாள்வாரியான முன்னறிவிப்பு ஏறத்தாழ இரண்டு கிழமைகளுக்கு அப்பால் பயனற்றுப் போவதற்கு அதுவே காரணம்.

கடல் அப்படிப்பட்டதன்று. பசிபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரப்புக்கு நீர் வழமையை விட ஒரு பாகை கூடச் சூடாகிவிட்டால், அந்தச் சூடு தணிய மாதக்கணக்கில் எடுக்கும். அத்தனை மாதமும் அது தனக்கு மேலுள்ள காற்றின் போக்கையும் மழை மேகங்கள் திரளும் இடத்தையும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். ஆடுகளத்தின் தன்மையைப் பார்த்தவர், இன்று சுழற்பந்து எடுபடும் என்று சொல்லலாம். பதினேழாவது ஓவரின் மூன்றாம் பந்தில் விக்கெட் விழும் என்று சொல்ல முடியாது. பருவகால முன்னறிவிப்பும் அந்த அளவோடு நிற்கிறது.

3. எல் நினோ, லா நினா எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது என்ன எண்டு விளங்கச் சொல்லுங்கோ.

சாதாரண ஆண்டுகளில் பசிபிக்கின் மத்திய கோட்டுக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கம் ஒதுக்கி வைக்கிறது. தென் அமெரிக்கக் கரையோரத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. இந்தக் காற்றுத் தளர்ந்து சூடான நீர் நடுப்பசிபிக்குக்கும் கிழக்குக்கும் பரவும் நிலை எல் நினோ. காற்று வழமையை விடப் பலத்து, குளிர்நீர் மேலும் மேற்கே பரவும் நிலை லா நினா. நடுப்பசிபிக்கில் குறித்த ஒரு பகுதியின் வெப்பநிலை வழமையிலிருந்து 0.5 பாகை செல்சியஸ் கூடி, அது மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ என்றும், அதே அளவு குறைந்து நீடித்தால் லா நினா என்றும் அமெரிக்கக் காலநிலை முன்னறிவிப்பு நிலையம் அறிவிக்கிறது. அவுஸ்திரேலியா வைத்திருந்த வரம்பு 0.8 பாகை. ஒரு நாடு அறிவித்து மற்றது அறிவிக்காமல் இருந்த மாதங்களுக்கு இது ஒரு காரணம்.

இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. 1982-83, 1997-98, 2015-16 ஆகியவை மிகப் பெரிய எல் நினோக்கள். 2023-24இலும் வலுவான ஒன்று வந்தது. 2020 முதல் 2023 தொடக்கம் வரை லா நினா தொடர்ச்சியாக மூன்று மாரிகளை ஆட்கொண்டது. இந்த ஊசலாட்டத்தின் காற்றழுத்தப் பக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர், இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராக இருந்த கில்பேர்ட் வோக்கர். இந்தியாவின் பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்கூட்டி அறிய வேண்டும் என்பதே அவருடைய தேடலின் காரணம். அந்த அழுத்த ஊசலும் பசிபிக் நீரின் வெப்பமும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்று 1969இல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியெர்க்னெஸ் விளக்கினார்.

4. இந்திய டிவியில எல் நினோ எண்டாலே வறட்சி எண்டு சொல்றாங்கள். எங்களுக்கும் அப்பிடித்தானே?

கொழும்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இதுதான். இந்தியச் செய்திகள் பேசுவது ஜூன் முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையை. எல் நினோ ஆண்டுகளில் அந்த மழை இந்தியாவின் பெரும்பகுதியில் குறையும் போக்கு உண்டு. 1972, 1987, 2002, 2009, 2015 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். அங்கேயும் அது தவறாத விதியன்று. 1997இல் பெரும் எல் நினோ இருந்தும் இந்தியாவில் மழை வழமையாகவே பெய்தது.

இலங்கையில் விடை மாதத்தைப் பொறுத்தது. எல் நினோ ஆண்டின் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மழை சற்றுக் குறையும் போக்கு உண்டு. அதே ஆண்டின் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் போக்கு உண்டு. அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை மீண்டும் குறையும் போக்கு உண்டு. லா நினா ஆண்டில் ஏறத்தாழ இதன் மறுதலை: ஒக்டோபரில் தொடங்க வேண்டிய மாரி மெலிந்து வர, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் மழை கூடிப் பெய்யலாம். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் வலுவான லா நினா காலத்தில் வந்தது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையும் எல் நினோவில் கூடும் பக்கமே சாய்கிறது. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியது ஒரு எல் நினோ ஆண்டில்தான்.

காரணம், மத்திய கோட்டை ஒட்டி மழை மேகங்கள் திரளும் மழைப்பட்டி ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பசிபிக்கின் சூடு காற்று ஏறும் இடங்களையும் இறங்கும் இடங்களையும் நகர்த்துகிறது. அந்த நகர்வும் மழைப்பட்டி நிற்கும் இடமும் எந்த மாதத்தில் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்து, ஒரே எல் நினோ நமக்கு ஒரு பருவத்தில் மழையையும் இன்னொரு பருவத்தில் வரட்சியையும் தருகிறது. எனவே, “இந்த வருடம் எல் நினோவா?” என்று கேட்பவர் உடனே “எந்த மாதத்துக்கு?” என்றும் கேட்க வேண்டும்.

5. பசிபிக் எங்கேயோ இருக்கு. பக்கத்தில இருக்கிற இந்து சமுத்திரம் ஒண்டும் செய்யாதா?

நிச்சயமாகச் செய்யும். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாதி ஆபிரிக்கப் பக்கமாகச் சூடாகி, சுமாத்திராவுக்கு அருகிலுள்ள கிழக்குப் பகுதி குளிர்வதை நேர் இருமுனை நிலை என்கிறார்கள். மாறி நிகழ்ந்தால் எதிர் இருமுனை. 1999இல்தான் இதற்குப் பெயர் சூட்டி விவரித்தார்கள். நேர் நிலையில் நமது ஒக்டோபர் - டிசம்பர் மழை கூடும்; எதிர் நிலையில் குறையும்.

இரண்டு ஆண்டுகளைப் பார்த்தால் போதும். 2019இல் நேர் இருமுனை மிக வலுவாக இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் நமக்கு மழையும் வெள்ளமும் வந்தன, கிழக்கு ஆபிரிக்காவிலும் கொட்டித் தீர்த்தது, அவுஸ்திரேலியா காய்ந்து எரிந்தது. 2016இல் எதிர் இருமுனை வலுத்திருந்தது, பசிபிக்கில் மெலிந்த லா நினாவும் சேர்ந்தது, மாரி பொய்த்தது. 2016இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2017இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக விழுந்தது.

6. “வழமையை விடக் கூட: 45 வீதம்” எண்டு போட்டிருக்கு. அப்ப மழை வருமா, வராதா?

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். 1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுகளில் ஓரிடத்தின் ஒக்டோபர் - டிசம்பர் மழையை எடுத்துக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துங்கள். அடியிலுள்ள பத்து ஆண்டுகள் “குறைவு”, நடுவிலுள்ள பத்து “வழமை”, மேலேயுள்ள பத்து “கூட”. எந்தத் தகவலும் இல்லாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 33 வீதம். முன்னறிவிப்பு “கூட” 45, “வழமை” 35, “குறைவு” 20 என்று வந்தால், கடலின் இன்றைய நிலை வாய்ப்பைக் “கூட” என்ற பக்கம் சாய்த்திருக்கிறது என்று பொருள்.

இங்கே இரண்டு விடயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, 20 வீதம் என்பது இல்லை என்பதாகாது. இதே மாதிரி முன்னறிவிப்பு வரும் ஆண்டுகளில் சராசரியாக ஐந்தில் ஒன்றில் மழை குறைவாகவே பெய்யும். நீண்டகாலம் பார்த்தும் அப்படிக் குறைவாகப் பெய்த ஆண்டு ஒன்றுகூட இல்லாவிட்டால்தான் முன்னறிவிப்பில் கோளாறு. மற்றது, “கூட” என்பது வெள்ளம் என்று பொருள்படாது. அது மூன்றில் ஒரு ஆண்டு இயல்பாகவே எட்டும் அளவு. முன்னறிவிப்பு வரைபடத்தில் “கூட” என்பதைக் காட்டும் பச்சை நிறத்தைக் கண்டதும் வெள்ளம் வருகிறது என்று தலைப்பிடுவது மக்களுக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

7. இதை ஆர் தயாரிக்கினம்? எங்கே பார்க்கலாம்?

கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் வரும் மூன்று மாதங்களுக்கான கண்ணோட்டத்தை வெளியிட்டுக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கிறது. 2010இல் தொடங்கிய தெற்காசியக் காலநிலைக் கண்ணோட்ட மன்றத்தில் இலங்கை, இந்தியா, நேபாளம், மாலைதீவு போன்ற நாடுகளின் வல்லுநர்கள் கூடிப் பருவத்துக்கு முன் ஒரு பொதுக் கருத்தை எட்டுகிறார்கள். அதன் பின்னணியில் உலகின் பெரிய கணினி மாதிரிகள் இருக்கின்றன. ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம் 2017இல் கொண்டுவந்த மாதிரி, தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே பருவத்தை 51 தடவை கணிக்கிறது. அந்த 51இல் எத்தனை “கூட” பக்கம் விழுகின்றன என்பதிலிருந்தே 6ஆம் கேள்வியில் கண்ட வீதங்கள் உருவாகின்றன.

8. எத்தனை மாதம் முந்தியே சொல்லலாம்? அடுத்த வருடத்துக்கும் சொல்லேலுமா?

பசிபிக்கின் நிலையை ஆறு மாதம் வரை ஓரளவு நன்றாகச் சொல்லலாம். ஆனால் எந்த மாதத்தில் நின்று பார்க்கிறோம் என்பது முக்கியம். மார்ச் முதல் மே வரை பசிபிக் நிலையற்றிருப்பதால், அப்போது அல்லது அதற்கு முன் தரப்படும் கணிப்புகள் அடிக்கடி தவறுகின்றன. 2014இன் தொடக்கத்தில் பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமெங்கும் பேசப்பட்டது. அது அவ்வாண்டு தலைதூக்காமல் 2015இல்தான் வந்தது. ஆகவே சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கேட்கும் செய்தியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓகஸ்ட்டில் வருவதை வைத்துப் பெரும்போகத்துக்கு முடிவெடுங்கள்.

ஓர் ஆண்டுக்கு அப்பால் செல்லும்போது ஒரு மாவட்டத்தின் மழையைப் பற்றிப் பயனுள்ள எதையும் சொல்ல முடிவதில்லை. உலக வானிலை நிறுவனம் ஆண்டுதோறும் அடுத்த ஐந்தாண்டுகளுக்கான பார்வை ஒன்றை வெளியிடுகிறது. அது உலக சராசரி வெப்பநிலைக்கும் பெரும் பிராந்தியங்களுக்கும் உரியது, நம் ஊர்க் குளத்துக்கு உரியதன்று.

9. கொழும்புக்கு மட்டும் தனியா ஒரு முன்னறிவிப்பு இருக்கா?

மாதிரிகளின் ஒரு கட்டம் பல பத்துக் கிலோமீற்றர் அகலமானது. கோட்டைக்கும் அவிசாவளைக்கும் உள்ள வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும். எனவே மேல் மாகாணம் முழுவதற்குமான சாய்வு என்றே அதை வாசிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் பெரும்பங்கு ஏப்ரல் - மே காலத்திலும் ஒக்டோபர் - நவம்பர் காலத்திலும் விழுகிறது. இரண்டாவதை 4ஆம், 5ஆம் பதில்களில் சொன்ன காரணங்களால் ஓரளவு முன்கூட்டி அறியலாம். மே மாதத்துத் தென்மேற்குத் தொடக்கம் அந்த அளவுக்குப் பிடிகொடுப்பதில்லை.

10. வன்னியில கொஞ்ச வயல் இருக்கு. இதை வச்சு நான் என்ன செய்யிறது?

பருவகால முன்னறிவிப்பு மிகுந்த பயன் தரும் இடம் இதுவே. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் குளத்தின் நீர்மட்டம், விதைப்புத் திகதி, எத்தனை ஏக்கர், எந்த வயதுடைய இனம் என்பவை தீர்மானிக்கப்படுகின்றன. இவற்றில் நீர்மட்டத்தைத் தவிர மற்ற அனைத்தும் வரப்போகும் மழையைப் பற்றிய ஓர் ஊகத்தின் மேல் நிற்பவை. அந்த ஊகத்தைச் சென்ற ஆண்டின் நினைவிலிருந்து எடுக்காமல், அளந்து பார்த்த வாய்ப்பிலிருந்து எடுப்பதே பயன்.

எல் நினோவோ நேர் இருமுனையோ உறுதியாக இருக்கும் ஆண்டில், ஒக்டோபர் - டிசம்பர் மழை கூடவும் ஜனவரிக்குப் பின் குறையவும் வாய்ப்பு அதிகம். முதல் மழையோடு நேரத்துக்கு விதைத்து, பயிரை வானத்து நீரில் வளர்த்து, குளத்து நீரைச் சிறுபோகத்துக்குச் சேமிப்பது அங்கே பொருந்தும். லா நினா ஆண்டில் நிலை வேறு. முதல் மழை பிந்தலாம் அல்லது ஒரு தடவை பெய்து இடைவெளி விடலாம். மழைக்கு முன் உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்தவரின் விதை முளைத்து வாடும் ஆபத்து அப்போது கூடுகிறது. மூன்றரை மாத நெல்லுக்குப் பதிலாக மூன்று மாத இனத்தைக் கையில் வைத்திருப்பது ஒரு காப்பு. அறுவடை நேரத்தில் மழை கூட வாய்ப்பிருப்பதால், வெட்டு இயந்திரத்தையும் நெல் உலர்த்தும் இடத்தையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சாய்ந்த நெல்லை ஈரத்தோடு விற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிறுபோகத்தில் குளத்து நீர் போதாது என்று தெரிந்தால், மேல்வாய்க்காலுக்கு அருகிலுள்ள காணியை மட்டும் செய்து அதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய வழக்கம் நம் குளத்துப் பிரதேசங்களில் உண்டு. முன்னறிவிப்பு முன்கூட்டியே வந்தால் அந்தப் பங்கீட்டை நெருக்கடியில் சண்டையிட்டுக்கொண்டு செய்யாமல் ஆறுதலாகப் பேசிச் செய்யலாம்.

11. கரண்டுக்கும் குழாய்த் தண்ணிக்கும் இதால என்ன?

காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மின்சாரம் மலிவானது. அவை நிரம்பாத ஆண்டில் எண்ணெய் எரிக்க வேண்டும். 1996இல் வரட்சியால் நாடு முழுவதும் மின்வெட்டு வந்தது. எவ்வளவு எரிபொருளை எப்போது வாங்குவது, எந்தத் தேக்கத்தில் எவ்வளவு நீரை இருத்தி வைப்பது என்பவை மூன்று மாதக் கண்ணோட்டம் உதவும் முடிவுகள். 2023 ஓகஸ்ட்டில் உடவளவை விவசாயிகள் சமனலவெவ நீரைத் திறந்துவிடக் கேட்டபோது மின்சாரமா, நெல்லா என்ற இழுபறி ஏற்பட்டது. 4ஆம் பதிலில் சொன்ன ஜூலை - ஓகஸ்ட் வரட்சிப் போக்கு அப்போதும் இருந்தது. அத்தகைய பேச்சு மே மாதத்திலேயே நடந்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் கடல்நீர் மேலேறி வரும். அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மணல்மூட்டைத் தடுப்புப் போட வேண்டி வந்திருக்கிறது. ஜனவரி - மார்ச் குறையும் என்று முன்கூட்டி அறிந்தால் அந்த ஆயத்தத்தையும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் பாவனையையும் டிசம்பரிலேயே திட்டமிடலாம்.

12. நான் நாலாம் குறுக்குத் தெருவில வியாபாரம் செய்யிறன். வயலும் இல்லை, குளமும் இல்லை. எனக்கு ஏன் இது?

உங்களுக்கு 4ஆம் பதிலின் இந்தியப் பகுதி முக்கியம். 2023 எல் நினோ ஆண்டில் இந்தியா ஜூலை 20ஆம் திகதி பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையும் தடுத்து 2024 மே வரை தளர்த்தவில்லை. தடைக்கு விலைவாசியும் தேர்தலும் என்று பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் மழை பற்றிய அச்சம் அதில் ஒரு பங்கு. இந்தியாவின் ஜூன் - செப்டெம்பர் கண்ணோட்டம் மோசமாக வரும் ஆண்டில், ஒரே நாட்டை நம்பியிராமல் பாகிஸ்தான், சீன வெங்காயத்துக்கும் வழி பார்த்து வைப்பது பெரிய செலவில்லாத முன்னேற்பாடு.

தேங்காய் விலைக்கும் இது பொருந்தும். இன்று பறிக்கும் காய், ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன் பூம்பாளையாக விரிந்தது. அதனால் சென்ற ஆண்டின் மழையை, குறிப்பாக ஆண்டின் முதல் மாதங்களின் வரட்சியைப் பார்த்து இந்த ஆண்டின் விளைச்சலை மதிப்பிட முடிகிறது. இதற்கு எதிர்கால மழையைக் கணிக்கவே தேவையில்லை. பெய்த மழையை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால் போதும்.

13. டெங்கு எப்ப கூடும் எண்டும் இதை வச்சுச் சொல்லலாமோ?

ஓரளவுக்கு. மழைக்கும் நோயாளர் எண்ணிக்கை உயர்வுக்கும் இடையே சில கிழமைகள் இடைவெளி உண்டு. ஆனால் மழை மட்டும் டெங்கைத் தீர்மானிப்பதில்லை. சுற்றிவரும் வைரஸின் வகை, குப்பை அகற்றல், மக்களின் எதிர்ப்புச் சக்தி எல்லாம் சேர்கின்றன. 186,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட 2017இல் இவை பல ஒன்றாகக் கூடின. மழை கூடும் என்ற கண்ணோட்டத்தைக் கண்டு ஒக்டோபருக்கு முன் கூரைப் பீலிகளையும் வெற்றுக் காணிகளையும் துப்புரவாக்குவது எந்த ஆண்டிலும் வீண்போகாது.

14. வெள்ளமும் புயலும் வருமா எண்டு மூண்டு மாதத்துக்கு முந்திச் சொல்ல மாட்டினமா?

மாட்டார்கள், சொல்லவும் கூடாது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் மூன்று மாத மொத்தத்துக்குள் எங்கே ஒளிந்திருக்கும் என்று எந்தப் பருவகால மாதிரியாலும் காட்ட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் அப்படியே. மழை குறையும் பக்கம் சாயும் எதிர் இருமுனை நிலவிய பருவத்திலேயே அது வந்தது. “குறைவு” என்று சாய்ந்த பருவத்தில் வெள்ளம் வரவே வராது என்று எண்ணுவது உயிராபத்தானது.

இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு இடைப்பட்ட காலத்துக்கு வேறொரு துணை உண்டு. 30 முதல் 60 நாட்களில் உலகைச் சுற்றிவரும் மேக, காற்று அலையான மேடன் - ஜூலியன் அலைவு இந்து சமுத்திரத்துக்கு மேல் வரும்போது மழை மேகங்கள் திரள வாய்ப்புக் கூடுகிறது. அதற்கும் கிட்டிய காலத்துக்கு நாளாந்த எச்சரிக்கையையும், மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் மட்டுமே கேட்க வேண்டும்.

15. போன முறை கூட எண்டு சொல்லிக் குறையத்தானே பெய்தது? பிறகு ஏன் நம்போணும்?

ஒரு தடவையை வைத்துப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது. 45 வீதம் என்று சொன்னவர் 55 வீதத்தையும் கூடவே சொல்லியிருக்கிறார். சரியான சோதனை இது: “45 வீதம்” என்று சொல்லப்பட்ட எல்லாப் பருவங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள், அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பருவங்களில் மழை உண்மையிலேயே “கூட” வந்திருந்தால் முன்னறிவிப்பு நேர்மையானது. மாதிரிகளைப் பின்னோக்கி ஓட்டி, கடந்த 25, 30 ஆண்டுகளுக்கு இப்படிச் சோதிக்கிறார்கள். இலங்கையின் ஒக்டோபர் - டிசம்பர் இந்தச் சோதனையில் மற்றப் பருவங்களை விட நன்றாகத் தேறுகிறது. கண்ணோட்டத்தை வெளியிடுபவர்கள் பழைய கண்ணோட்டங்களையும் அவற்றின் பலனையும் அருகருகே தமிழிலும் சிங்களத்திலும் வைத்தால் இந்தக் கேள்வி பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன்.

16. சரி, எத்தனை வீதம் எண்டா நான் காசைச் செலவழிச்சு ஆயத்தம் செய்யோணும்?

எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. அது உங்கள் கணக்கில் இருக்கிறது. அறுவடை நெல்லை மழையிலிருந்து காக்கக் கொட்டகை வாடகைக்கு எடுக்க 40,000 ரூபாய் செலவாகும், எடுக்காமல் மழை வந்தால் 200,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். 40,000ஐ 200,000ஆல் வகுத்தால் 20 வீதம். நட்டம் வரும் வாய்ப்பு 20 வீதத்துக்கு மேற்பட்டால் ஆயத்தம் செய்வது நீண்டகாலத்தில் இலாபம். குறைந்தால் செய்யாமல் விடலாம். செலவு சிறிதாகவும் நட்டம் பெரிதாகவும் இருப்பவருக்குச் சிறு வாய்ப்பே போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே தேவைப்படுவது உங்கள் நெல் நனையும் வாய்ப்பு. வரைபடத்தில் இருப்பது மாகாணத்தின் மழை “கூட” என்ற வகுப்பில் விழும் வாய்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. கடந்த காலத்தில் “கூட” வந்த பருவங்களில் எத்தனையில் உங்கள் நெல் நனைந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் முதலாவதை மதிப்பிடலாம். கடன் வாங்கிச் செய்பவருக்கு இன்னுமொரு எச்சரிக்கை: நீண்டகால இலாபம் என்பது ஒரு மோசமான ஆண்டைத் தாங்கி நிற்கக்கூடியவருக்கே பொருந்தும்.

17. பஞ்சாங்கத்தில மழை இத்தனை மரக்கால் எண்டு போட்டிருக்கே. அதுவும் இதுவும் ஒண்டுதானே?

பஞ்சாங்கத்தின் மழைப்பலன் கோள்நிலைகளிலிருந்து கணிக்கப்படுகிறது. கடல்நீரின் வெப்பம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. விரும்புபவர்கள் 15ஆம் பதிலின் சோதனையை அதற்கும் வைத்துப் பார்க்கலாம். கரையோர மக்கள் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றைப் பிரித்து அறிந்து வைத்திருப்பது வேறு வகை. அது தலைமுறைகளாகக் கண்ணால் கண்டு சேர்த்த அவதானிப்பு. இன்னும் மதித்துப் பதிவு செய்யப்பட வேண்டியது.

18. காலநிலையே மாறுது. பழைய 30 வருடக் கணக்கு இனிச் சரிவருமா?

முழுவதும் சரிவராது என்பதால்தான் உலக வானிலை நிறுவனத்தின் வழக்கப்படி அடிப்படைக் காலம் பத்தாண்டுக்கு ஒருமுறை முன்னே நகர்த்தப்படுகிறது. வெப்பநிலையில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. இப்போது ஏறக்குறைய எல்லாப் பருவங்களும் “வழமையை விடச் சூடு” பக்கமே விழுகின்றன. மழையில் அப்படி ஒரு நேரான போக்கு இல்லை. பழைய தொடர்புகளை மட்டும் நம்பும் புள்ளிவிவர முறைகள் அதிகம் தடுமாறக்கூடும். கடலின் இன்றைய நிலையிலிருந்து தொடங்கும் இயற்பியல் மாதிரிகள் குறைவாகத் தடுமாறும். ஒரு பருவத்தின் முன்னறிவிப்பு பிழையானதற்குக் காலநிலை மாற்றத்தைக் காரணம் காட்டுவதற்கு முன், 6ஆம் பதிலின் அந்த 20 வீதத்தை நினைவிற்கொள்ள வேண்டும்.

19. ரெண்டு நிலையம் ரெண்டு விதமாச் சொல்லுது. எதைப் பிடிக்கிறது?

பல மாதிரிகளைச் சேர்த்த சராசரி, தனி மாதிரியை விடப் பொதுவாக நன்றாக இருக்கிறது. எனவே கூட்டுக் கண்ணோட்டத்தைப் பிடியுங்கள். முதன்மையான மாதிரிகள் எதிரெதிராகச் சொன்னால், அந்தப் பருவத்தில் கடல் தெளிவான சாய்வைத் தரவில்லை என்பதே அதிலிருந்து கிடைக்கும் செய்தி. அப்போது 33, 33, 33 என்று வைத்து, எந்த மழைக்கும் தாங்கும்படி திட்டமிடுவதே முறை. பிடித்த விடையைத் தரும் நிலையத்தைத் தேடிப் போவது மிகப் பெரிய தவறு.

20. மகளுக்கு நவம்பர் கடைசியில கலியாணம். போன் அப்பில 90 நாளுக்கும் மழைக்குறி காட்டுது. மண்டபத்தை மாத்தட்டோ?

அந்தச் செயலி குறித்த நாளுக்குக் காட்டும் மழைக்குறியில் 2ஆம் பதிலில் சொன்ன காரணத்தால் எந்தத் தகவலும் இல்லை. பெரும்பாலும் அது பழைய சராசரியை நாள்வாரியாகப் பிரித்துப் போட்டது. கொழும்பில் நவம்பர் எந்த ஆண்டிலும் மழை மாதம். மாலையில் இடியுடன் கொட்டுவது வழமை. ஆகவே கூரையுள்ள மண்டபத்தையே எடுங்கள், காலை முகூர்த்தம் கிடைத்தால் நல்லது. விருந்தினர் வாகனம் நிறுத்தும் இடத்தில் வெள்ளம் நிற்குமா என்று மண்டபத்தாரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திகதி நெருங்கிய கடைசி ஐந்து நாட்களில் திணைக்களத்தின் நாளாந்த அறிக்கையைப் பாருங்கள்.